சந்தேகம் வந்தாலே தொடங்கு: பள்ளிகளும் இதயம் நிற்கும் நிமிடங்களும்

2011 செப்டம்பர் 29. ஜப்பானின் சைதாமா நகரிலுள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒன்றில் தொடரோட்டப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வயது 11, ஆயிரம் மீட்டர் ஓடி முடித்த கையோடு மைதானத்தில் விழுந்தாள். ஆசிரியர்கள் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் பள்ளியின் மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். ஆம்புலன்சுக்குத் தகவல் போனது; அது வந்துசேர 11 நிமிடங்கள் பிடித்தன. இடைப்பட்ட நேரத்தில் யாரும் அவள் மார்பை அழுத்தவில்லை. நின்ற இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் தானியங்கிக் கருவி, ஏஇடி, அந்தப் பள்ளியிலேயே இருந்தது. அதையும் யாரும் எடுக்கவில்லை. அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மூச்சு இருக்கிறது, நாடி துடிக்கிறது என்றுதான் சுற்றி நின்றவர்கள் நம்பினார்கள். மறுநாள் சிறுமி இறந்துபோனாள்.

பள்ளிகளில் இதய மீட்பு வசதி பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கும். எத்தனை பள்ளிகளில் இருக்கிறது, இன்னும் எத்தனைக்கு வேண்டும், பணம் யார் தருவது? சைதாமாவில் நடந்தது இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடுகிறது. கருவி இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஆம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று. உறுதியாகத் தெரியாதபோது என்ன செய்வது என்ற விதி மட்டும் அவர்கள் கையில் இல்லை. சந்தேகத்துக்கு நடுவிலும் முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் ஒரு பள்ளியில் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் அதன் ஆயத்தத்தை அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கால் நூற்றாண்டாகப் பல நாடுகளில் சேர்ந்திருக்கும் சான்றுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

நின்ற இதயம், நிற்காத மூச்சு

மாரடைப்பு வேறு, இதயம் திடீரென்று நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. அப்போதும் நோயாளிக்கு நினைவு இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார், சிலர் நடந்தே மருத்துவமனைக்கு வந்துவிடுவதும் உண்டு. இதயம் நின்றுபோகும்போது கோளாறு அதன் மின்னோட்டத்தில். கீழறைகளின் தசை சீராகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டுத் தாறுமாறாக நடுங்கத் தொடங்கும். ரத்தம் ஒரு சொட்டும் உருப்படியாக வெளியேறாது. சில நொடிகளில் நினைவு தப்பும். அந்த நடுக்கத்தை அடக்கி, இதயம் தன் தாளத்தைத் திரும்பப் பிடிக்க வழிவிடுவது மின்னதிர்வு. எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. மார்பை அழுத்தி மூளைக்குக் கொஞ்சமேனும் ரத்தம் அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு மெதுவாகும். கருவி வந்துசேர நேரம் கிடைக்கும்.

ஓடியாடும் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி நேர்கிறது? பிறவியிலேயே தடித்த இதயத் தசை, இதயத்தின் மின் சுழற்சியை நீட்டிவிடும் மரபணுக் கோளாறு, இடம் மாறிப் பிறந்த இதயத் தமனி, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வரும் இதயத் தசை அழற்சி ஆகியவை முக்கியக் காரணங்கள். எந்தக் கோளாறும் இல்லாத இதயமும் நிற்கலாம். இதயத் துடிப்பின் சுழற்சியில் நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்கே நீளும் ஓர் ஆபத்தான இடைவெளி உண்டு. பந்தோ முழங்கையோ அந்த நேரம் பார்த்து நெஞ்சில் பட்டால் போதும். 2000-இல் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் லக்ரோஸ் விளையாடிய 14 வயது மாணவன் இப்படித்தான் இறந்தான். அவன் பெற்றோர் நடத்திய போராட்டத்தின் பயனாக, 2002-இல் நியூயார்க் மாநிலம் பொதுப் பள்ளிகளில் ஏஇடியைக் கட்டாயமாக்கியது.

முன்கூட்டியே பரிசோதித்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்கலாம். இத்தாலி 1982 முதல் விளையாட்டு வீரர்களுக்கு இதயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணங்கள் அதன் பின் வெகுவாகக் குறைந்தன. ஜப்பானில் 1995 முதல் தொடக்கப் பள்ளி, நடுநிலை, உயர்நிலை என ஒவ்வொரு கட்டத்தின் முதல் வகுப்பிலும் பிள்ளைகளுக்கு இசிஜி எடுக்கிறார்கள். பலருடைய கோளாறு அதில் தெரியவருகிறது. ஆனால் இடம் மாறிய தமனி பெரும்பாலும் இசிஜியில் சிக்குவதில்லை. நெஞ்சில் படப்போகும் பந்தை எந்தப் பரிசோதனையும் முன்னறியாது. சைதாமா சிறுமி விழுந்ததும் இப்படி இசிஜி எடுக்கும் ஒரு நாட்டில்தான்.

அங்கிருந்தவர்களைக் குழப்பியது எது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இதயம் நின்றால் மூச்சும் உடனே நின்றுவிடும் என்றே நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒருவித இழுப்பு மூச்சு இருக்கும். வாய் திறந்து திறந்து மூடும், தாடை அசையும், நீண்ட இடைவெளி விட்டுக் குறட்டைபோல ஒரு சத்தம் வரும். மூளைத்தண்டின் கடைசி முயற்சி அது. அதில் சுவாசம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் ‘மூச்சு இருக்கிறது’ என்று தோன்றும். கை கால்கள் வெட்டி இழுப்பதும் உண்டு. மைதானத்தில் விழுந்த விளையாட்டு வீரரிடம் அதைப் பார்த்தவுடன் வலிப்பு என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். நம்மூர் என்றால் அடுத்த நொடியே யாராவது ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். மிகவும் விலைமதிப்புள்ள இரண்டு மூன்று நிமிடங்கள் அதிலேயே போய்விடும்.

நாடி பார்ப்பதும் கைகொடுக்காது. பதற்றத்தில் நம் விரல் நுனியில் துடிக்கும் நம் நாடியையே விழுந்தவருடையது என்று எண்ணிவிடுகிறோம். மருத்துவப் பணியாளர்களே இதில் தவறுவதால், பொதுமக்களுக்கான பயிற்சியிலிருந்து நாடி பார்க்கும் படியையே எடுத்துவிட்டார்கள்.

கருவி எடுக்கும் முடிவு, மனிதர் எடுக்கும் முடிவு

1965-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், மருத்துவமனைக்கு வெளியே கொண்டுபோகக்கூடிய மின்னதிர்வுக் கருவியை ஆம்புலன்சில் ஏற்றினார். கார் பேட்டரிகளில் ஓடிய அதன் எடை 70 கிலோ. இன்றைய ஏஇடியை ஒரு சிறுவன் ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். எடை குறைந்ததைவிடப் பெரிய மாற்றம், இதயத் துடிப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையைக் கருவியே ஏற்றுக்கொண்டதுதான். மூடியைத் திறந்தால் அது பேசத் தொடங்கும். ஒட்டுப்பட்டை ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றொன்றை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டச் சொல்லும். எங்கே ஒட்டுவது என்று பட்டையிலேயே படமும் இருக்கும். உடல் நனைந்திருந்தால் மார்பைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். பிறகு யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதயத்தின் மின்னோட்டத்தை அலசும். அதிர்வு தேவைப்பட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லும். தேவையில்லை என்றால், நாம் எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும் அதிர்வு தராது.

1999-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இந்தக் கருவியை முன்பின் தொட்டிராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 15 பேரிடம் பொம்மை ஒன்றைக் காட்டி மீட்கச் சொன்னது. பக்கத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 22 பேருக்கும் அதே சோதனை. ஊழியர்கள் அதிர்வு கொடுக்கச் சராசரியாக 67 நொடி எடுத்தார்கள். பிள்ளைகள் 90 நொடி. தொழில்முறை மீட்பருக்கும் பயிற்சியே இல்லாத 11 வயதுப் பிள்ளைக்கும் இருந்த தூரம் 23 நொடிதான். 2002-இல் வெளியான சிகாகோ விமான நிலைய ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. அங்கே உயிர் பிழைத்த 11 பேரில் 6 பேருக்கு உதவியவர்கள் இந்தக் கருவியை இயக்கப் பயிற்சி பெறாதவர்கள். அப்படி உதவியவர்களில் மூவர் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அப்படியானால் கருவியை இயக்குவது பெரிய கலை இல்லை. அதிர்வு தரலாமா என்ற முடிவைக்கூட அது நம்மிடம் விடுவதில்லை. நம்மிடம் விட்டுவைத்திருக்கும் ஒரே முடிவு, அதை எடுத்துவரலாமா வேண்டாமா என்பது. சைதாமாவில் தவறிப்போனது அந்த ஒரு முடிவுதான்.

ஜப்பான் இந்த விஷயத்தில் பின்தங்கிய நாடும் இல்லை. 2002 நவம்பரில் இளவரசர் தகாமதோ ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருக்கும்போது இதயம் நின்று இறந்தார். பொதுமக்களும் ஏஇடியைக் கையாளலாம் என்று 2004 ஜூலையில் அந்நாடு அனுமதித்தது. அதன்பின் ரயில் நிலையங்களிலும் பள்ளிகளிலும் கருவிகள் வேகமாகப் பரவின. பெட்டி பரவிய வேகத்தில் அதை எடுக்கும் துணிவு பரவவில்லை.

சிறுமி இறந்து ஓராண்டு கழித்து, 2012 செப்டம்பரில், சைதாமா நகரக் கல்வி வாரியம் அவள் பெற்றோருடன் சேர்ந்து ஒரு கையேட்டை வெளியிட்டது. அவள் பெயராலேயே அது ‘ஆசுகா முறை’ எனப்படுகிறது. அதன் சாரம் ஒரே கேள்வியில் இருக்கிறது. ‘வழக்கமான மூச்சு இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு விடைகளோடு ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது விடைக்கும் அது இடம் கொடுத்தது. அந்த விடையை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொண்டு மார்பை அழுத்தத் தொடங்கு, ஏஇடியைக் கொண்டுவரச் சொல் என்றது. ஜப்பானின் தேசிய உயிர்மீட்பு வழிகாட்டுதல்களும் பின்னாளில் இதே நிலைக்கு வந்தன.

தவறாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்கும் ஆய்வு விடை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில், தொலைபேசியில் வந்த அறிவுரையைக் கேட்டு, இதயம் நிற்காதவர்களுக்கே மார்பை அழுத்திவிட்ட நிகழ்வுகளை 2010-இல் ஆராய்ந்தார்கள். அப்படி அழுத்தப்பட்ட 247 பேரில் 12 சதவீதத்தினருக்கு வலி இருந்தது. எலும்பு முறிவு போன்ற காயம் 2 சதவீதத்தினருக்கு. உள்ளுறுப்பு சேதம் ஒருவருக்கும் இல்லை. ஒரு தட்டில் ஆறிவிடும் விலா எலும்பு, மறுதட்டில் உயிர். இந்தக் கணக்கு தெரிந்தவருக்குத் தயக்கம் தானாகக் குறையும். பள்ளிப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டியதும் இதுதான்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு

சைதாமா நிகழ்வு நடந்த அதே 2011-இல், மார்ச் மாதம், இங்கிலாந்தின் லிவர்பூலில் 12 வயது ஆலிவர் கிங் பள்ளி நீச்சல் போட்டியில் இதயம் நின்று இறந்தான். அந்தப் பள்ளியில் கருவி இல்லை. அவன் தந்தை தொடங்கிய அறக்கட்டளை ஆண்டுக்கணக்கில் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டியது. 2023-இல் பிரிட்டிஷ் கல்வித் துறை இங்கிலாந்தின் அரசு நிதி பெறும் பள்ளிகள் கிட்டத்தட்ட 18,000-க்கு 20,000-க்கும் மேற்பட்ட ஏஇடிகளை அனுப்பியது. அதற்கு முன்பே, 2020 செப்டம்பரிலிருந்து, அங்கே உயர்நிலை மாணவர்களுக்கு மார்பு அழுத்தமும் ஏஇடியின் பயனும் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டன. பாடம் முதலில், பெட்டி பிறகு என்ற இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாக இருந்தாலும் சரியான வரிசை.

பள்ளிக்குப் பெட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு 2009-இல் வந்த அமெரிக்க ஆய்வு தெளிவாகப் பதில் சொல்கிறது. ஏஇடி வைத்திருந்த 1,710 உயர்நிலைப் பள்ளிகளில் 36 பேருக்கு இதயம் நின்றிருந்தது. 23 பேர், அதாவது 64 சதவீதத்தினர், பிழைத்து மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நிற்பவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே பல நாடுகளில் அரிது என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். அந்த 36 பேரில் மாணவர்கள் 14 பேர்தான். மீதி 22 பேர் ஊழியர்கள், பார்வையாளர்கள் போன்ற பெரியவர்கள். பிள்ளைகளின் இதயம் நிற்பது மிக அரிது. அதற்காக இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பள்ளி மைதானத்துக்கு ஊரே வருகிறது. ஆண்டு விழாவுக்கு வரும் தாத்தா, ஐம்பது வயது ஆசிரியர், சத்துணவுக் கூடத்து அம்மா எல்லோரும் அந்தக் கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள்.

பயிற்சியின் பயன் பள்ளிச் சுவரையும் தாண்டுகிறது. இதயம் நிற்பது பெரும்பாலும் வீட்டில். அங்கே ஏஇடி இருக்காது, பிள்ளைகள் இருப்பார்கள். நார்வே 1961-லேயே பள்ளிகளில் உயிர்மீட்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாடு. டென்மார்க் 2005-இல் அதைத் தொடக்கப் பள்ளிகளில் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டுநர் உரிமம் கேட்பவர்களுக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அங்கே 2001-இல் அருகிலிருந்தவர்கள் மார்பை அழுத்தியது 21 சதவீத நிகழ்வுகளில். 2010-இல் 45 சதவீதத்தில். 30 நாள் கடந்தும் உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமாக உயர்ந்தார்கள். பள்ளிப் பாடம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது. ஆம்புலன்சும் மருத்துவமனைச் சிகிச்சையும் அதே காலத்தில் மேம்பட்டன. ஒன்றைக் கவனிக்கலாம்: அந்தப் பத்தாண்டில் பொதுமக்கள் ஏஇடி பயன்படுத்திய நிகழ்வுகள் 1.1-லிருந்து 2.2 சதவீதத்துக்குத்தான் ஏறின. அதே காலத்தில் இரட்டிப்புக்கும் மேல் பெருகியது அழுத்தும் கைகள்.

சட்டம் போட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதற்கும் டென்மார்க்கே சாட்சி. எட்டு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பயிற்சி முடித்திருக்க வேண்டிய வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்குகூட அதை முடித்திருக்கவில்லை. பொறுப்பாளர் ஒருவர் இருந்த பள்ளிகளிலும், தன்னால் கற்பிக்க முடியும் என்று ஆசிரியர் நம்பிய பள்ளிகளிலும்தான் வகுப்பு அதிகமாக நடந்திருந்தது.

பூட்டிய கதவு

கருவி இருந்தும் எட்டாமல் போவதற்குச் சாதாரணக் காரணங்கள் பல. முதல் காரணம் பூட்டு. கோபன்ஹேகன் நகரில் 1994 முதல் 2011 வரை பொது இடங்களில் இதயம் நின்ற நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் 60 சதவீதத்துக்கும் மேல் மாலை, இரவு, வார இறுதி ஆகிய நேரங்களில் நடந்ததைக் கண்டார்கள். பக்கத்திலேயே கருவி இருந்தும், கட்டடம் பூட்டியிருந்ததால் அந்த நேரங்களில் அதன் பயன் பாதிக்கும் கீழே போயிருந்தது. தலைமையாசிரியர் அறையில் வைத்துப் பூட்டிய ஏஇடி, ஞாயிற்றுக்கிழமைக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு உதவாது.

அடுத்தது தூரம். விழுந்த நொடியிலிருந்து முதல் அதிர்வுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்பது பள்ளி விளையாட்டுக்கான இலக்கு. ஓடிப்போய் எடுத்து, திரும்பி ஓடி வந்து, சட்டையைக் கழற்றி ஒட்டும் நேரமும் இதற்குள் அடக்கம். மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து ஒரு மாணவனை ஓடவிட்டுக் கடிகாரத்தில் பார்த்தால், கருவி எங்கே இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மூன்றாவது பராமரிப்பு. பட்டைகளின் பசை காலப்போக்கில் காயும், பேட்டரி தீரும். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் குறித்துவைக்க ஒரு பெயர் வேண்டும். ‘யாராவது’ என்பது பெயராகாது.

நம் பள்ளிகளில்

மேலே சொன்ன நாடுகளோடு ஒப்பிட்டால் நம் தடைகள் வேறு. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்பு வந்தவருக்கு முதல் மருந்து உடனே கிடைக்கிறது. அது நினைவோடு வந்துசேர்பவருக்கான உதவி. மைதானத்தில் நினைவிழந்தவருக்கு மருந்து எட்டும் முன் கை எட்ட வேண்டும்.

உதவப்போய் வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் நம்மிடம் உண்டு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது வாகன விபத்துகளுக்கு மட்டும். நல்லெண்ணத்தோடு ஒருவர் நன்மைக்காகச் செய்த செயல் குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு சொன்னதை, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. காவல் நிலையத்துக்கு அலைய வேண்டியிருக்காது, பெயர் சொல்லக் கட்டாயமில்லை என்பன போன்ற உறுதிகளை விபத்துக்கு வெளியேயும் நீட்டினால், உதவ வரும் ஆசிரியருக்கும் வழிப்போக்கருக்கும் தெம்பாக இருக்கும்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், என்.எஸ்.எஸ்., என்.சி.சி. என்று முதலுதவி கற்பிப்பதற்கான அமைப்புகள் நம் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. வாயோடு வாய் வைத்து ஊதத் தயங்குவோருக்காகவே இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் அழுத்தம் மட்டும் கொடுக்கும் எளிய முறையை வகுத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர் என்றால் மார்பு ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி. ஆண்டுக்கு இரண்டு மணி நேரம், 12 வயதிலிருந்து என்ற சர்வதேசப் பரிந்துரைக்கு 2015-இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தந்தது. அந்த நேரத்தைப் பி.இ.டி. வகுப்பிலிருந்தே எடுத்துவிடலாம்.

கருவி வாங்கப் பணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் ஒத்திகை நடத்த வேண்டும். காலைக் கூட்டத்தில் அறிவிக்காமல், ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் பொம்மையைப் படுக்கவைத்து, யார் அழுத்துகிறார், யார் 108-ஐ அழைக்கிறார், யார் கேட்டைத் திறந்து ஆம்புலன்சுக்கு வழிகாட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளை விழுந்தால் சட்டையைக் கழற்ற யார் தயங்குகிறார் என்பதும் அப்போதுதான் வெளிப்படும். அதையும் அங்கேயே பேசித் தீர்க்க வேண்டும். அடுத்ததாக ஒவ்வொரு பள்ளியிலும் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். கருவியை அதற்குப் பிறகு வாங்கலாம். ஒத்திகை பார்த்த பள்ளிக்குக் கருவி எந்தச் சுவரில், எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஒத்திகை பார்க்காத பள்ளியில் அது இருப்புப் பதிவேட்டில் இன்னொரு வரியாகவே சேரும்.